எது எதற்காகக் காத்திருக்கிறது? செயற்றிட்ட முகாமைத்துவத்தின் அரிச்சுவடி

பாதி வெட்டிய கானுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாசிகசாலை மூலையில் பன்னிரண்டு மூட்டை சீமெந்து கல்லாய் இறுகிக் கிடக்கிறது. குழாய்கள் வந்து மூன்று மாதமாகிறது. அவற்றைப் புதைக்க வேண்டிய காணிக்கு இன்னும் அனுமதிக் கடிதம் வரவில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இப்படி இடைநடுவில் நின்ற வேலைகளுக்குக் காரணம் கேட்டால் "காசு போதவில்லை" என்றோ "ஆட்கள் ஒத்துழைக்கவில்லை" என்றோ பதில் வரும். பல இடங்களில் காசும் இருந்திருக்கும், ஆட்களும் இருந்திருப்பார்கள். கடிதத்துக்கு முன்னால் சீமெந்து வந்துசேர்ந்ததுதான் கோளாறு. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அதற்கேற்ப ஆளையும் காசையும் நாளையும் அடுக்கும் கலையைச் செயற்றிட்ட முகாமைத்துவம் என்கிறோம். அரச கடிதங்களில் கருத்திட்ட முகாமைத்துவம் என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே.

கொழுந்து பறிப்பது செயற்றிட்டம் இல்லை. ஒரு மலையைப் பறித்து முடித்து ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வருவார்கள். அதற்கு முடிவு கிடையாது. தொடக்கமும் முடிவும் உடையதாய், முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்கிவிட்டு ஓய்கிற வேலையே செயற்றிட்டம். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஒரு மலையை மீள நடுவது செயற்றிட்டம். மாரியம்மன் கோயில் திருவிழா ஆண்டுதோறும் வந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் அதற்கென ஒரு குழு, ஒரு வரவுசெலவு, தள்ளிப்போட முடியாத ஒரு திகதி இருப்பதால் அதையும் செயற்றிட்டமாகக் கொள்ளலாம். தேர் வெளிக்கிடும் நாளுக்கு முன்னால் அத்தனையையும் முடித்துக்காட்டும் கோயில் சபைக்காரர்களுக்கு இங்கே சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே கைவந்த வித்தை.

இக்கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், 40 குடும்பங்கள். லயங்களுக்கு மேலே, தேயிலை மலைக்கு அப்பால் ஓர் ஊற்று. அங்கிருந்து 1,200 மீற்றர் குழாய் இழுத்து, நடுவில் தொட்டி வைத்து, ஐந்து குடும்பத்துக்கு ஒன்றாக 8 குழாயடிகள் கட்ட வேண்டும். மோட்டார் இல்லை, தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி வரும். எண்களெல்லாம் கணக்குப் போட்டுப் பழகுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மலையின் எண்களை நீங்களே அளந்துதான் போட வேண்டும்.

"முடிந்தது" என்றால் என்ன?

முதல் வேலை மண்வெட்டி எடுப்பதில்லை, ஒரு பக்கத்தில் எழுதுவது. என்ன செய்யப்போகிறோம், எதைச் செய்யமாட்டோம், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம் என்பவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் இதை ஸ்கோப் என்பார்கள். நாம் வேலையின் எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

"மக்களுக்குக் குடிநீர் வழங்குதல்" என்று எழுதினால் அது எல்லை ஆகாது. யாரும் அதை அளக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 5 மணி முதல் 7 மணி வரை 8 குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவைத்தாலும், ஒவ்வொன்றிலும் 20 லீற்றர் வாளி 2 நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும்." இதை எந்தக் கிழவியும் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்துச் சோதித்துவிடலாம்.

அந்த ஒரு வரியிலிருந்தே தொட்டியின் அளவும் பிறக்கிறது. ஒரு குழாய்க்கு நிமிடம் 10 லீற்றர். 8 குழாய்க்கு 80. இரண்டு மணித்தியாலத்துக்கு 9,600 லீற்றர். ஊற்றடியில் 20 லீற்றர் வாளி 80 விநாடியில் நிரம்புகிறது என்றால் நிமிடத்துக்கு 15 லீற்றர், மணிக்கு 900. இரவு 7 மணிக்குக் குழாய்களை மூடினால் விடிகாலை 5 மணிக்குள் 9,000 லீற்றர் சேரும். பாவிக்கும் இரண்டு மணித்தியாலத்தில் இன்னும் 1,800 வரும். ஆக 10,800 லீற்றர் இருக்கிறது, 9,600 தேவைப்படுகிறது. 5,000 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு போதும்.

இந்த அளவை எப்போது எடுக்க வேண்டும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் எந்த ஊற்றும் பெருகி ஓடும். ஹட்டன் போன்ற மேற்குப் பக்க மலைகளில் ஜனவரி தொடங்கி மார்ச் வரை மழை குறைந்த காலம். பெப்ரவரியில் ஒருமுறை அளந்து, மார்ச் கடைசியில் இன்னொருமுறை அளந்து, குறைந்ததையே கணக்குக்கு எடுக்க வேண்டும். கையளிக்கும் நாள் மே மாதத்தில் வந்தால் அன்றைக்கு ஊற்று நிறைந்திருக்கும். சோதனை சுலபமாகத் தேறிவிடும். அதனால் உள்வரும் வால்வை நிமிடத்துக்கு 15 லீற்றராகக் குறைத்து வைத்து, இரவு முழுவதும் நிரம்பவிட்டு, காலையில் சோதிப்பதாக எல்லைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

செய்யமாட்டோம் என்பதற்கும் இரண்டு வரி வேண்டும். வீட்டுக்கு வீடு இணைப்பு இல்லை. தோட்டம் செய்ய, வாகனம் கழுவத் தண்ணீர் இல்லை. இதை எழுதாமல் விட்டால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

யார் யாருடைய சம்மதம்?

தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனதிலிருந்து, பெரும்பாலான இடங்களில் காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. எனவே தேயிலைக்குள்ளால் கான் வெட்டத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி தேவை. துரை (தோட்ட முகாமையாளர்) வாயால் "சரி, செய்யுங்கள்" என்றது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவருடன் போய்விடும். பிரதேச சபை, கிராம உத்தியோகத்தர் ஆகியோருக்குத் தகவல் போக வேண்டும். தண்ணீர் குடிக்க உகந்ததா என்று பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக மாதிரி கொடுக்க வேண்டும். ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழியோ உரம் போடும் தேயிலையோ இருந்தால் இது இன்னும் அவசியம். தொட்டி வைக்கும் இடம் சரிவாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்காமல் மேடை கட்ட வேண்டாம். பத்தாயிரம் லீற்றர் தண்ணீர் பத்துத் தொன் பாரம். அதை ஈர மண்மேல் ஏற்றுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

இவர்கள் எல்லோரும் யாவருக்கும் நினைவுக்கு வருகிறவர்கள். மறக்கப்படுகிறவர்கள் இரண்டு தரப்பினர். ஒரு தரப்பு, அதே ஊற்றின் ஓடையில் பணிய கணக்கில் (கீழ்ப் பிரிவில்) தண்ணீர் பிடிப்பவர்கள். மேலே தொட்டி நிரம்பினால் கீழே பீலி வற்றும். அவர்களோடு பேசி, இரவில் எவ்வளவு எடுப்போம், எவ்வளவு விடுவோம் என்று எழுதிக்கொள்ளாமல் தொடங்கிய வேலை, குழாயை யாரோ வெட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாட்டில் போய் நிற்கும். மற்றத் தரப்பு, தினமும் குடம் தூக்கும் பெண்கள். குழாயடி எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். மலையிலிருந்து வந்து, கொழுந்து நிறுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டும் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள்.

சம்பந்தப்பட்ட ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் இரண்டு குறிப்பு எழுதினால் போதும்: இந்த வேலையை நிறுத்த இவரால் முடியுமா, இவருக்கு இதில் எவ்வளவு அக்கறை? நிறுத்த முடிந்தும் அக்கறையில்லாதவர் யாரோ, அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

வேலையைத் துண்டுபோடுதல்

"குழாய் வேலை" என்பது ஒரு வேலை இல்லை. ஒரே ஆளிடம் ஒப்படைத்து, ஒன்றிரண்டு கிழமைக்குள் முடிந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய அளவுக்கு அதை உடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். "எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்" என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை. நம் உதாரணத்தில் துண்டுகளும் அவற்றுக்கான நாட்களும் இப்படி:

ஊற்று அளவும் நீர்ப் பரிசோதனையும் – 14 நாள்.
குழாய்ப் பாதையை முளையடித்து அளத்தல் – 3 நாள், பரிசோதனை முடிவுக்குப் பிறகு.
தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி – 28 நாள், பாதை குறித்த படம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம்.
மூன்று கடைகளில் விலைமனு – 7 நாள், பாதையை அளந்த பிறகு.
சாமான் வாங்கி ஏற்றி இறக்குதல் – 10 நாள், அனுமதிக்கும் விலைமனுவுக்கும் பிறகு.
ஊற்றுக்கட்டு – 14 நாள், சாமான் வந்த பிறகு. வேலை 7, கொன்கிரீட் ஈரத்தில் இறுக 7.
தொட்டி மேடையும் தொட்டியும் – 14 நாள், அதேபோல்.
குழாயடிகள் – 10 நாள், அதேபோல்.
கான் வெட்டு – எத்தனை நாள் என்பதைக் கீழே பார்ப்போம். அனுமதிக்குப் பிறகு.
குழாய் பதித்தல் – 10 நாள், கான் முடிந்த பிறகு.
தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்தல் – 4 நாள், எல்லாம் பொருத்திய பிறகு.
கான் மூடல் – 5 நாள், கசிவு பார்த்த பிறகுதான்.

கடைசி இரண்டையும் இடம் மாற்றிச் செய்பவர்கள் உண்டு. மழை வருகிறதே என்று கானை மூடிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால், எந்த மூட்டில் ஒழுகுகிறது என்று தேடி 1,200 மீற்றரையும் மறுபடி கிளற வேண்டிவரும்.

கான் வெட்டின் கணக்கு

இரண்டடி ஆழத்தில், கல்லும் தேயிலை வேரும் கலந்த மண்ணில் ஒருவர் ஒரு நாளில் 6 மீற்றர் வெட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். 1,200 மீற்றருக்கு 200 ஆள்நாள். சிரமதானம் என்று முடிவெடுத்தால், ஞாயிறுதோறும் 20 பேர் வந்தால் ஒரு நாளில் 120 மீற்றர். அப்படிப் பத்து ஞாயிறு, அதாவது 70 நாள். ஆட்செலவு இல்லை என்று தோன்றும். நாட்கள் செலவாகின்றன.

இன்னொரு வழி. நான்கு ஞாயிறு சிரமதானம்: 480 மீற்றர். மிச்சம் 720 மீற்றரை ஆறு பேருக்குக் கொந்தரப்பாக (ஒப்பந்தக் கூலிக்கு) கொடுத்தால், கிழமைக்கு ஐந்து நாள் வேலை, நாளுக்கு 36 மீற்றர், இருபது நாளில் முடியும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் 28 நாளில் கான் தயார்.

இப்போது முழுவதையும் கூட்டுவோம். ஊற்று அளவு 14, பாதை 3, அனுமதி 28: ஆக 45ஆம் நாள் கடிதம் கையில். அங்கிருந்து கான் 28, பதித்தல் 10, கசிவு 4, மூடல் 5. மொத்தம் 92 நாள். மற்ற வேலைகள்? சாமான் 55ஆம் நாள் வரும். ஊற்றுக்கட்டும் தொட்டியும் 69ஆம் நாள் முடியும். அவை தேவைப்படுவதோ 83ஆம் நாள். ஆக அவற்றுக்கு 14 நாள் மிச்சம் இருக்கிறது. குழாயடிகளுக்கு 18 நாள், விலைமனுவுக்கு அனுமதிக் கடிதம் வரும்வரை 21 நாள். மேசன் ஒரு கிழமை வராமல் போனாலும் முடிவுத் திகதி அசையாது. கான் வெட்டு ஒரு கிழமை பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு கிழமை பிந்தும்.

மிச்ச நாளே இல்லாத வேலைகளின் அந்தத் தொடருக்குத்தான் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். தமிழில் நெருக்கடிப் பாதை எனலாம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபொன்ட் இரசாயனக் கம்பனியும் ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனமும் சேர்ந்து இந்த முறையை உருவாக்கின. தொழிற்சாலை கட்டவும் பராமரிப்புக்காக மூடித் திறக்கவும் அவர்களுக்குத் தேவைப்பட்ட அதே கணக்கு, ஒரு லயத்துக் குழாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. நெருக்கடிப் பாதையைக் கண்டுபிடித்துவிட்டால், தலைவர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தொட்டி வந்திறங்கும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பதைவிட அனுமதிக் கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டுப் போவது பயன் தரும். அந்த 28 நாளும் நெருக்கடிப் பாதையில்தான் இருக்கிறது.

சிரமதானத்தை மட்டும் நம்பினால் கான் 70 நாள், மொத்தம் 134. இதைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். பெப்ரவரி 1இல் தொடங்கினால் 92ஆம் நாள் மே 3. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊர் வேலை ஒரு பத்து நாள் நிற்கும், மே 13. 134உம் பத்தும் சேர்ந்தால் ஜூன் 24. தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிக்கும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் ஜூனில் திறந்த கான் எப்படி இருக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓரம் சரியும், வெட்டியதையே மறுபடி வெட்ட வேண்டிவரும், சரிவில் தண்ணீர் இறங்கி மண்ணையே இளக்கும். ஊவாப் பக்கம் மழையின் கணக்கு வேறு. அங்கே வருடக் கடைசியில் வரும் வடகீழ்ப் பருவமழையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த மலையின் கால அட்டவணையைக் கடன் வாங்கக்கூடாது.

நாட்களை எப்படி மதிப்பிடுவது?

ஒருவரிடம் "எத்தனை நாள்?" என்று கேட்டால் நல்ல நாளை நினைத்தே சொல்வார். மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாம் சரியாக நடந்தால்? வழக்கம்போல நடந்தால்? மழையும் பாறையும் வந்தால்? கான் வெட்டுக்கு 20, 28, 54 என்று பதில் வந்ததாக வைப்போம். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: 20 + 112 + 54 = 186; ஆறில் ஒன்று 31. அதாவது 28 என்று எழுதுவதைவிட 31 என்று எழுதுவது நேர்மை. பேர்ட் எனப்படும் இந்த முறை 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பிறந்தது. 54 என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்க மறக்க வேண்டாம். "மூன்றாம் வளைவில் பெரிய பாறை இருக்கிறது" என்ற பதில் அந்த எண்ணைவிடப் பெறுமதியானது.

நாட்களைக் கோடுகளாக வரைவதே காண்ட் வரைபடம். 1910களில் இதைப் பரவலாக்கிய ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரில் வழங்குகிறது. சீஆர் கொப்பியில் இரண்டு பக்கத்தை விரித்து, மேலே கிழமைகள், இடப்பக்கம் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நெருக்கடிப் பாதையைச் சிவப்பில் போடுங்கள். போயா நாள், சம்பள நாள், திருவிழா, சித்திரைப் புத்தாண்டு எல்லாவற்றையும் முதலில் குறித்துவிட்டுக் கோடு போடுங்கள். மென்பொருள் வேண்டியதில்லை. கொப்பியைக் குழுவில் எல்லோரும் திறந்து பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

காசு

வரவுசெலவில் சாமான், கூலி, போக்குவரத்து, பரிசோதனைக் கட்டணம் என்று தனித்தனி வரி இருக்க வேண்டும். மலையகத்தில் போக்குவரத்தைக் குறைத்துப் போடுவதே வழக்கமான தவறு. லொறி தோட்டத்து ரோட்டு வரைதான் வரும். அங்கிருந்து மணலும் கல்லும் தலைச்சுமை. அதற்கும் ஆள்நாள் போட வேண்டும். குழாய் 6 மீற்றர் நீளமுள்ளது என்றால் 200 வேண்டும். உடைவுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்து 210 வாங்குங்கள். பத்துக் குழாய்க்காக மறுபடி டவுனுக்கு லொறி அனுப்புவது குழாய் விலையைவிட அதிகமாகிவிடும். குழாயின் அழுத்தத் தரத்தையும் விலைமனுவிலேயே எழுதுங்கள். 10 மீற்றர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டிக்கும் கடைசிக் குழாயடிக்கும் 60 மீற்றர் இறக்கம் இருந்தால் 6 பார். விலை குறைந்த குழாய் அங்கே மூட்டில் பிளக்கும்.

மொத்தத்தில் பத்தில் ஒன்று எதிர்பாராச் செலவுக்கு. அதை எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. குடும்பப் பங்குப்பணம் சேர்ப்பதானால் சம்பளம் கிடைக்கும் நாளை ஒட்டித் தவணை வையுங்கள். எவ்வளவு செலவு என்பதோடு எந்தக் கிழமையில் செலவு என்பதும் எழுதப்பட வேண்டும். சாமான் வாங்கும் பத்து நாளில் பெருந்தொகை ஒரேயடியாகப் போகும். அன்றைக்குக் கையில் காசு இல்லாவிட்டால் வங்கியில் வரப்போகும் காசு உதவாது.

எது பிழையாகப் போகலாம்?

நடக்கக்கூடிய ஆபத்துகளை எழுதி, நடக்கும் வாய்ப்புக்கு ஐந்தில் ஒரு புள்ளி, நடந்தால் வரும் சேதத்துக்கு ஐந்தில் ஒரு புள்ளி போட்டு இரண்டையும் பெருக்குங்கள். கானில் மழை: 4 பெருக்கல் 4, பதினாறு. பணிய கணக்கோடு தகராறு: 3 பெருக்கல் 5, பதினைந்து. விலையேற்றம்: 4 பெருக்கல் 3, பன்னிரண்டு. புள்ளி கூடியதற்கு முதலில் வழி தேட வேண்டும். வழி என்றால் செயல்: "மழையைக் கவனித்தல்" என்று எழுதாமல், "ஒரே நேரத்தில் 300 மீற்றருக்கு மேல் கானைத் திறந்து வைக்காதிருத்தல்" என்று எழுதுங்கள். அப்படிச் செய்தால் குழாய் பதிப்பதையும் கசிவு பார்ப்பதையும் துண்டு துண்டாக நடத்த வேண்டிவரும். மூட்டுகளைப் பார்த்த பிறகே மூடுவது என்ற வரிசை மட்டும் ஒவ்வொரு துண்டிலும் மாறக்கூடாது.

சீமெந்துக்குத் தனி எச்சரிக்கை. நுவரெலியாவின் பனிமூட்டத்தில் மூட்டைக்குள்ளேயே ஈரம் ஏறும். நிலத்திலிருந்து அரையடி உயர்த்திப் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கி, படங்கால் மூடி, முன்பு வந்ததை முன்பு எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்ததைக் கட்டுமானத்துக்குப் பாவிக்க வேண்டாம். இதைவிட நல்ல வழி, தேவைக்குப் பத்து நாள் முன்னால் மட்டும் வாங்குவது. கால அட்டவணை சரியாக இருந்தால் களஞ்சியச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

சிரமதானத்தில் இன்னோர் ஆபத்து, கருவி. இருபது பேர் வந்து, மண்வெட்டியும் அலவாங்கும் ஒன்பது பேருக்கே இருந்தால் அன்றைக்கு நடப்பது ஒன்பது பேர் வேலை. அடுத்த ஞாயிறு ஒன்பது பேர்தான் வருவார்கள்.

நடுவில் வரும் மாற்றம்

கான் வெட்டு நடக்கையில் "கோயிலுக்கும் ஒரு குழாய் வையுங்களேன்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மறுக்கவும் மனம் வராது. மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒன்பது குழாய்க்கு இரண்டு மணித்தியாலத்தில் 10,800 லீற்றர். ஊற்று தருவதும் சரியாக 10,800. ஒரு சொட்டு மிச்சம் இல்லை. மார்ச்சில் ஊற்று சற்றுச் சுருங்கினாலும் ஒன்பது குழாயிலும் தண்ணீர் குறையும். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் வைத்தால் கோயில் சபையே, காலை 7 மணிக்குப் பிறகு மட்டும் திறப்பது என்பது போன்ற ஒரு வழியைச் சொல்லலாம்.

வேலையின் எல்லை, நாள், காசு ஆகிய மூன்றில் ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டில் ஏதாவது அசையும். அதனால் எந்த மாற்றமும் கொப்பியில் ஒரு வரியாக ஏற வேண்டும்: கேட்டவர் யார், எத்தனை நாள் கூடும், எவ்வளவு ரூபாய் கூடும், யார் சம்மதித்தார்கள், திகதி. வட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியது சம்மதம் ஆகாது. சிட்னி ஒபெரா மண்டபம் 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரில் 1963இல் முடிய வேண்டியது. 10 கோடி 20 இலட்சம் டொலர் செலவில் 1973இல்தான் திறக்கப்பட்டது. கூரையை எப்படிக் கட்டுவது என்று தீர்மானிக்கும் முன்பே கட்டத் தொடங்கியதும், நடுவில் மண்டபங்களின் தேவையை மாற்றியதும் அதற்கான பெரிய காரணங்கள்.

மாற்றத்தை முன்கூட்டியே வரவேற்கவும் ஒரு வழி இருக்கிறது. எட்டுக் குழாயடியையும் ஒரே மூச்சில் கட்டாமல், ஒன்றை மட்டும் கட்டி ஆறிய பிறகு பெண்களை அழைத்துக் குடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேடை உயரம், கழிவுநீர் ஓடும் திசை, உடுப்புத் துவைக்கும் கல், எல்லாவற்றிலும் திருத்தம் வரும். மிச்சம் ஏழும் சரியாக அமையும். குழாயடிக்குப் பதினெட்டு நாள் மிச்சம் இருக்கிறதே, அதை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை

முன்னேற்றத்தைக் கேட்டால் "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்ற பதில் கிழமைக்கணக்கில் மாறாமல் இருக்கும். சதவீதம் கேட்காதீர்கள். எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். அளக்க முடியாத துண்டானால் முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.

கான் வெட்டு தொடங்கி இரண்டு கிழமை. திட்டப்படி 600 மீற்றர். நாடா பிடித்தால் 450. இதே வேகத்தில், கிழமைக்கு 225 என்று போனால் மிச்சம் 750 மீற்றருக்கு மூன்றேகால் கிழமைக்கு மேல். திட்டத்தில் இருப்பது இரண்டு. ஒன்பது நாள் பிந்தும், முடிவுத் திகதியும் ஒன்பது நாள் தள்ளும். இரண்டாம் கிழமையிலேயே இது தெரிந்துவிட்டதால் செய்ய வழி இருக்கிறது. கொந்தரப்பில் மூன்று பேரைக் கூட்டலாம், செலவு ஏறும். அல்லது மேல்பகுதியில் கான் முடிந்த இடத்தில் குழாய் பதிக்கத் தொடங்கலாம், இரண்டு குழுவையும் கவனிக்க ஆள் வேண்டும். ஆளைக் கூட்டி எல்லாவற்றையும் விரைவாக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம்: கொன்கிரீட்டைச் சுற்றி நூறு பேர் நின்றாலும் அதற்கு ஏழு நாள் ஈரம் வேண்டும்.

கிழமைக் கூட்டம் இருபது நிமிடம் போதும். போன கிழமை சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை, அடுத்த கிழமைக்கு எது எதற்காகக் காத்திருக்கிறது. அந்த மூன்றாம் கேள்விக்கு வரும் பதில்களை மட்டும் தனித்தாளில் எழுதி, பெயரும் திகதியும் போட்டு, வாசிகசாலைக் கதவில் ஒட்டுங்கள்.

கையளிப்பு

வேலை முடிந்து, தேங்காய் உடைத்து, குழாயைத் திறந்ததோடு பல திட்டங்கள் அநாதையாகின்றன. கையளிப்புத் தாளில் குழாய்ப் பாதையின் படம் (கானை மூடுமுன் மூட்டுகளை அளவுநாடாவோடு எடுத்த படங்களும்), வால்வுகள் இருக்கும் இடம், மேலதிகக் குழாய் பத்து, பசை, இரண்டு குழாய்த்தலை, கணக்குப் புத்தகம், மிச்சக் காசு, எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். ஊற்றுக்கட்டை மாதம் ஒருமுறையும் பெருமழைக்குப் பிறகும் யார் துப்புரவு செய்வது, குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு பராமரிப்புப் பணம், யார் சேர்ப்பது என்பதும் அதே தாளில். ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, தொட்டி மேடைக்கு அருகில் நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ, தொட்டியைக் காலியாக்கிவிட்டு யாருக்கு அறிவிப்பது என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். அடுத்த மார்ச் கடைசியில் வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு ஊற்றடிக்குப் போய், 80 விநாடியா 95 விநாடியா என்று பார்த்து அதே கொப்பியில் எழுத வேண்டியவரின் பெயரையும் இப்போதே குறித்துவிடுங்கள்.